தம்பிக்கு ஆபரேஷன்: வார்டில் குடும்பத்தாருக்கு என்ன இடம்?

மெரிபேங்க் அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 40 வயது, டவுன் சிண்ட்ரோம். பித்தப்பையில் கல் இருக்கிறது, பையையே எடுத்துவிட வேண்டும் என்று இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் தேதி. அப்பா இல்லை. அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலியால் அதிகம் நடக்க முடியாது. அதனால் எல்லாம் என் பொறுப்பு.

போன வருஷம் நிமோனியா வந்து வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் நான் போனபோது மதியச் சாப்பாடு மூடி திறக்காமல் கால்மாட்டு மேசையில் இருந்தது. தட்டை முன்னால் வைத்து “சாப்பிடுப்பா” என்று ஒருவர் சொன்னால்தான் அவன் தொடுவான். சார்ட்டில் “சாப்பிட மறுக்கிறார்” என்று எழுதியிருந்தது. வலித்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டான். இடது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெல்ல முனகுவான். பழகாதவர்களுக்கு ஏதோ பாடுகிறான் என்று தோன்றும்.

எனக்குத் தெரிய வேண்டியது இவைதான். அவனோடு வார்டில் இருக்க விடுவார்களா? ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போடலாமா, அம்மாதான் போட வேண்டுமா? மயக்க மருந்து கொடுப்பவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். இப்போதே ஒரு வார நாளில், காலை பத்து மணிக்கு மேல் வார்டு ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, நேரில் போய் அந்த வார்டின் ஆபரேஷனல் மேனேஜரைப் பாருங்கள். பழைய ஆட்கள் சிஸ்டர் இன்சார்ஜ் என்போம். கூட இருக்க அனுமதி கொடுப்பது பெரும்பாலும் அவர் கையில்தான். சரி என்றால் அதை ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஷிஃப்ட் மாறும். வாய் வார்த்தையாகக் கிடைத்த அனுமதி முதல் மாற்றத்திலேயே காணாமல் போய்விடும். இரவு டியூட்டிக்கு வருகிறவருக்கு உங்களைத் தெரியாது, வாசலில் இருக்கிற செக்யூரிட்டிக்கும் தெரியாது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வார்டு என்றால் ஒரே ஹாலில் பல கட்டில்கள் இருக்கும், பக்கத்துக் கட்டில்காரருக்கு மறைவு வேண்டும். இரவில் ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருப்பதை அவர்கள் ஆட்சேபித்தால் அதில் நியாயம் உண்டு. சைட் வார்டு, அதாவது தனி அறை, காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரவுக்கு அண்ணன் முறை, மாமன் முறை உள்ள ஆண் யாராவது இருக்கட்டும், பகலில் நீங்கள் இருங்கள். இப்படி ஒரு ஏற்பாட்டோடு போய்க் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், காது இழுப்பது, முனகுவது, தட்டை முன்னால் வைத்தால்தான் சாப்பிடுவது எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். முடிந்தால் சூலு மொழியிலும். இங்கே பாதி நர்சுகளுக்கு அதுதான் வீட்டு மொழி. ஒரு நகல் ஃபைலுக்குள், இன்னொன்று கட்டில் தலைமாட்டில்.

---

லெனேசியா அண்ணன்

சிஸ்டர் சொன்ன அந்த ஒரு பக்கத்தை நான் என் மகனுக்காக எழுதி வைத்திருக்கிறேன். அவனுக்கு 23 வயது, கடுமையான அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. பேச்சு கிடையாது. மாத்திரை விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

அவன் எபிலிம் என்ற வலிப்பு மாத்திரையில் மெதுவாகக் கரையும் வகையைச் சாப்பிடுகிறான். அதைப் பொடிக்கக் கூடாது. வீட்டில் தயிரில் முழுசாக வைத்துக் கொடுப்போம், விழுங்கிவிடுவான். வயிற்றுப்போக்குக்காகச் சேர்த்தபோது, விழுங்கத் தெரியாது என்று நினைத்துப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கப் போனார்கள். நல்லவேளை, என் மனைவி அப்போது பக்கத்தில் இருந்தாள். தயிரைக் காட்டினாள், அந்த நர்ஸ் உடனே புரிந்துகொண்டு டாக்டரிடம் பேசினார். அந்த நர்ஸ் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. தயிர் என்ற தகவல் எந்த ஃபைலிலும் இல்லை, எங்கள் இரண்டு பேர் தலையில் மட்டும்தான் இருந்தது.

இதைத்தான் நான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு எப்படி மருத்துவத் தகவலோ, அப்படித்தான் “இவன் காதை இழுத்தால் வலி” என்பதும். அதைக் கொண்டு வருகிறவரை மணி அடித்ததும் வெளியே அனுப்பினால், சிகிச்சைக்கு வேண்டிய தகவலும் அவரோடு வெளியே போய்விடுகிறது.

---

டோங்காட் மகள்

இந்த இழையில் எல்லோரும் கூட இருக்க அனுமதி வாங்குவது பற்றியே பேசுகிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அண்ணனுக்கு அறிவுசார் குறைபாடு, மூளைவாதமும் உண்டு. அவனை எப்போது சேர்த்தாலும் அம்மா கூடவே இருப்பார். அம்மா இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தக் கட்டில் பக்கம் யாரும் வருவதில்லை. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, நாப்கின் மாற்றுவது, டிரிப் முடிந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் அம்மாதான். ராத்திரி பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பாடு நோயாளிக்கு மட்டும்தான் வரும், அம்மா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பருப்புச் சோற்றை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவை நான் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? தொழிலாளர் சட்டத்தில் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருஷத்துக்கு 3 நாள் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுக்கலாம். அண்ணன் தம்பிக்கு என்றால் அவர்கள் இறந்தால் மட்டும்தான் அந்த விடுப்பு, படுத்திருந்தால் இல்லை. நான் வருடாந்திர விடுப்பை அதிலேயே கரைத்துவிட்டேன். குடும்பம் கூட இருக்கலாம் என்பது உரிமையாக இருக்கட்டும். குடும்பம் கூட இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவமனை எதிர்பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டோங்காட் மகளே, நீ சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இன்சார்ஜாக இருந்தபோது என் பெண்களிடம் இதைத் தினமும் சொல்வேன். அம்மா கட்டிலருகே இருக்கிறார் என்பதால் நம் வேலை குறையாது, நம் வேலை தெளிவாகிறது, அவ்வளவுதான்.

கோடு எங்கே என்று சொல்கிறேன், அக்காவுக்கும் உதவும். ஊட்டுவது, பேசி அமைதிப்படுத்துவது, ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்வது, வலிக்கிறதா என்று அடையாளம் சொல்வது ஆகியவற்றைக் குடும்பத்தார் விரும்பினால் செய்யலாம். டிரிப், ஆக்சிஜன், சளி உறிஞ்சுவது, புண் கட்டுவது, படுக்கைப் புண் வருகிறதா என்று பார்ப்பது நர்ஸ் வேலை. திருப்பிப் படுக்க வைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது நர்ஸாக இருக்க வேண்டும். உங்கள் முதுகு போனால் வீட்டில் யார் தூக்குவது?

வீட்டு மாத்திரையைப் பையிலிருந்து எடுத்துச் சொல்லாமல் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வார்டிலும் அதே மாத்திரை கொடுத்திருந்தால் இரட்டை டோஸ் ஆகிவிடும். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் விளைவு மோசமாக இருக்கும்.

சேர்க்கும் அன்றே “நான் இதெல்லாம் செய்வேன், இதெல்லாம் செய்ய மாட்டேன், இத்தனை மணிக்குப் போய் இத்தனை மணிக்கு வருவேன்” என்று சொல்லி நர்சிங் குறிப்பில் எழுத வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் யார் ஊட்டுவார்கள் என்று பெயரைக் கேளுங்கள்.

---

வழக்கறிஞர் தம்பி, டர்பன்

கையெழுத்து விஷயம். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 61ஆம் எண் சட்டம், பிரிவு 7ஐப் பாருங்கள். நோயாளியால் ஒப்புதல் தர முடியாத நிலை, நீதிமன்றமோ வேறு சட்டமோ யாருக்கும் அதிகாரம் தரவும் இல்லை என்றால், வரிசை இப்படி வரும்: கணவன் அல்லது மனைவி அல்லது துணை, பிறகு பெற்றோர், பிறகு தாத்தா பாட்டி, பிறகு வயது வந்த பிள்ளை, கடைசியில் உடன்பிறந்தவர். இந்த வரிசையை மாற்ற முடியாது. ஆகவே அக்கா, உங்கள் அம்மா இருக்கும்வரை கையெழுத்து அவருடையது. மூட்டு வலி என்பதற்காக உங்களிடம் வாங்கிக்கொண்டால் பிறகு யாராவது கேள்வி கேட்கலாம். அம்மாவை ஒரு தடவை கிளினிக்குக் கூட்டிப்போய் டாக்டர் முன்னிலையிலேயே படிவத்தை முடித்துவிடுங்கள். அறுவை சிகிச்சை அன்று போனில் கிடைக்கிற மாதிரியும் இருக்கட்டும்.

தாமதித்தால் உயிர் போகும் அல்லது மீளாத பாதிப்பு வரும் என்ற அவசரத்தில், நோயாளி மறுத்திருக்காவிட்டால், ஒப்புதல் இல்லாமலே சிகிச்சை செய்யச் சட்டம் இடம் தருகிறது.

நிறையப் பேர் என்னிடம் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுங்கள் என்று வருகிறார்கள். எழுதிக் கொடுப்பவருக்கு அது என்னவென்று புரிய வேண்டும், புரியாதவரிடம் வாங்கினால் செல்லாது. புரிந்து கொடுத்தவர் பின்னால் அந்தத் திறனை இழந்தாலும் நம் நாட்டில் அது முடிந்துவிடும். அதேபோல, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்ற மாஸ்டர் என்ற அதிகாரி நியமிக்கும் நிர்வாகி சொத்தைப் பார்த்துக்கொள்ளத்தான். ஆபரேஷனுக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. அதே சட்டத்தின் பிரிவு 8. சட்டப்படி ஒப்புதல் தர முடியாதவராக இருந்தாலும், புரிந்துகொள்ளக்கூடியவர் என்றால் அவரிடமும் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் தம்பியிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

---

மெரிபேங்க் அக்கா

சொல்லவில்லை, தம்பி. அம்மா கூடாது என்கிறார். முன்னாலேயே சொன்னால் சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், அன்றைக்குக் காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போவோம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அம்மா 40 வருஷமாக வளர்த்தவர், அவருக்குத் தெரியாததா என்றும் இருக்கிறது.

---

சிறப்புப் பள்ளி டீச்சர், சாட்ஸ்வர்த்

அக்கா, அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காரில் ஏற்றும்போது சொல்லாவிட்டாலும் ஊசி போடும்போது அவருக்குத் தெரிந்துவிடும். அப்போது கூட இருப்பது நீங்கள். அடுத்த தடவை உங்களோடு காரில் ஏற யோசிப்பார். எங்கள் பள்ளியில் பல் டாக்டரிடம் போகிற பிள்ளைகளுக்கு நாங்கள் படங்கள் வைத்துச் சொல்லிக் கொடுப்போம். அதையே நீங்களும் செய்யலாம்.

போன் போதும். மருத்துவமனை வாசல், லிஃப்ட், வார்டுக் கட்டில், பச்சைத் துணி போட்ட டாக்டர், அப்புறம் வீட்டுச் சோபா என்று படம் எடுங்கள். வார்டுக்குள் மற்ற நோயாளிகள் படத்தில் விழாமல் சிஸ்டரிடம் கேட்டு எடுங்கள். கடைசிப் படம் வீடாகத்தான் இருக்க வேண்டும். தினமும் மாலையில் ஒருமுறை, ஒரே மாதிரி வார்த்தைகளில், “வயிற்றில் கல் இருக்கு, டாக்டர் எடுப்பார், தூங்குவாய், எழுந்தால் அக்கா இருப்பேன்” என்று சொல்லுங்கள். எழும்போது நீங்கள் இருக்க முடியும் என்பது உறுதியானால் மட்டும் அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள். ரிகவரி அறைக்குள் விடுவார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கிற அந்த நேரத்தில்தான் இவர்கள் பயந்து டிரிப்பைப் பிடுங்குவார்கள். தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

முகத்தில் வைக்கும் மாஸ்க் ஒன்றை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் பழக்குங்கள். முதலில் அம்மா முகத்தில், அப்புறம் உங்கள் முகத்தில், கடைசியில் அவர் முகத்தில். எத்தனை நாளைக்கு முன் தொடங்குவது என்பதை மட்டும் அம்மாவிடம் விடுங்கள். ஒரு மாதம் முன்னாலேயே என்றால் சிலருக்குக் கவலை கூடும், ஒரு வாரம் என்றால் பலருக்குச் சரியாக இருக்கும். அவருக்கு எது ஒத்துவரும் என்பதில் அம்மாதான் நிபுணர்.

---

கேப்டவுன் மருந்தாளர்

மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டியவற்றை நான் எழுதுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். தம்பிக்குச் சின்ன வயதில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள், எடுக்கவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள பிடிப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். மயக்கத்தில் மூச்சுக் குழாய் வைக்கும்போது தலையை அதிகம் பின்னால் சாய்த்தால் தண்டுவடத்துக்கு ஆபத்து. சமீபத்தில் நடை தடுமாறுகிறதா, கை பலம் குறைந்ததா, கழுத்து வலியா என்று கவனித்துச் சொல்லுங்கள். இரவில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா? அவர் தூங்கும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் காட்டினால் டாக்டருக்கு உடனே புரியும். தைராய்டு பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பதும் வேண்டும்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், தினசரி மாத்திரைகளில் எதை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், திடீரென்று நின்றால் வலிப்பு வரும். ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன், டிராமடால் மாதிரி வலி மருந்து கொடுத்தால் மலச்சிக்கல் வரும். இவர்கள் சொல்ல மாட்டார்கள், வயிறு உப்பிய பிறகுதான் தெரியும். கடைசியாக எப்போது போனார் என்று தினமும் எழுதுங்கள்.

குடும்பத்தார் சொன்னதைக் கேட்காததால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது. ஆலிவர் மெகவன் என்ற 18 வயதுப் பையன். ஆட்டிசம், லேசான அறிவுசார் குறைபாடு, வலிப்பு. மனநோய்க்கான மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது, கொடுக்காதீர்கள் என்று அவனும் பெற்றோரும் சொல்லியும் ஒலான்சபின் கொடுத்தார்கள். அதன் கடுமையான பக்கவிளைவால் மூளை பாதிக்கப்பட்டு 2016இல் இறந்துபோனான். பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2022இல் வந்த சட்டப்படி அங்கே மருத்துவ ஊழியர்கள் எல்லோருக்கும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிப் பயிற்சி கட்டாயம், அந்தப் பயிற்சிக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 13 வருஷமும், பெண்கள் 20 வருஷமும் முன்னதாக இறக்கிறார்கள் என்று 2013இல் அங்கே ஓர் ஆய்வு சொன்னது. வந்த நோயின் அறிகுறியை “இவர் எப்போதும் இப்படித்தான்” என்று தள்ளிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

---

லெனேசியா அண்ணன்

மருந்தாளர் இங்கிலாந்தைச் சொன்னார். நம் வாசலிலேயே நடந்ததை நான் சொல்லாமல் இருக்க முடியாது. லைஃப் எசிடிமெனி என்பது அரசு ஒப்பந்தத்தில் மனநோயாளிகளை வைத்துப் பராமரித்த தனியார் நிறுவனம். 2015 அக்டோபரில் கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறை அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. குடும்பங்கள் கூட்டம் போட்டன, ஊர்வலம் போயின, நீதிமன்றத்துக்கும் போயின. அங்கே இருக்கிறவர்களை இப்படி வேறு இடங்களுக்கு மாற்றினால் செத்துப்போவார்கள் என்று சொன்னார்கள். அப்படியும் மாற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்றே தெரியாமல் தேடி அலைந்த அம்மாக்கள் உண்டு. 144 பேர் இறந்தார்கள். 2017 பிப்ரவரியில் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் வெளியிட்ட அறிக்கையில், அவர்களை ஏற்றுக்கொண்ட 27 தன்னார்வ அமைப்புகளில் ஒன்றுக்குக்கூடச் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று இருந்தது. 2018 மார்ச்சில் நீதிபதி மோசெனெகே குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னார்.

மனநோய் உள்ளவர்கள்தான் அங்கே அதிகம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இருந்தார்கள். அந்த அம்மாக்கள் டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை. நடக்கப் போவதை அவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

---

டோங்காட் மகள்

அண்ணா, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். தேடி வர யாருமே இல்லாதவர்களுக்கு என்ன? அப்பா அம்மா போய்விட்டால் என் அண்ணனுக்கு நான் இருக்கிறேன். நானும் இல்லாவிட்டால்? குடும்பம் கையில் வைத்திருக்கும் தகவலை மருத்துவமனை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். இப்போது ஒவ்வொரு தடவையும் புது ஃபைல், புது ஆள், அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டால் அண்ணனைப் பற்றித் தெரிந்த எல்லாமே போய்விடும்.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து உள்ளூர் கிளினிக் ஃபைலிலும் வைக்கச் சொல், மகளே. அடிக்கடி பார்க்கிற சிஸ்டர் ஒருவர் அங்கே இருப்பார். சித்தப்பா பிள்ளைகள், கோயிலில் கூட வருகிறவர்கள் என்று இன்னும் இரண்டு பேருக்கு அண்ணனைப் பழக்கி வை. அம்மா இல்லாத நேரத்தில் அவர்கள் கையால் சாப்பிடப் பழகட்டும். அது ஒரே நாளில் வராது, இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

---

மெரிபேங்க் அக்கா

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்புதல் படிவம் முடிந்தது. டாக்டர் தம்பியைப் பார்த்தே பேசினார், வயிற்றில் கை வைத்துக் காட்டினார். அவன் “கல்லு” என்று இரண்டு தடவை சொன்னான். அம்மாவுக்கு அதைப் பார்த்த பிறகு கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது, படம் காட்டுவதற்குச் சரி என்றுவிட்டார்.

ஆபரேஷனல் மேனேஜர் முதலில் தயங்கினார். இரவுக்கு என் மாமா மகன் இருப்பான், பகலில் நான் என்று சொன்னதும் ஃபைலில் எழுதிக் கொடுத்தார். ரிகவரி அறைக்கு மட்டும் அன்றைய அனஸ்தீசியா டாக்டர்தான் முடிவு செய்வார் என்றார். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எக்கோ தாள் அம்மாவின் பீரோவில் பழைய பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற சிஸ்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டிஸ்சார்ஜ் தாள் கையில் வராமல் கட்டிலை விட்டு எழ வேண்டாம். என்ன செய்தார்கள், என்ன மருந்து, எத்தனை நாள், தையல் எப்போது பிரிப்பது அல்லது தானாகக் கரையுமா, எல்லாம் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்பினால் மருந்தகம் மூடுவதற்குள் மருந்தை வாங்கிவிடுங்கள். வீட்டில் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், விடாத வாந்தி, வயிறு இறுகுவது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு, கேஸுவால்டிக்கு, போய்விடுங்கள். காதை இழுப்பது குறையாமல் கூடிக்கொண்டே போனாலும் அப்படித்தான். அங்கே வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு பக்கத்தை முதலில் நீட்டுங்கள். தையல் பிரிக்கக் கிளினிக்குக்குப் போவதாக இருந்தால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள், கூட்டத்தில் அவன் நெடுநேரம் உட்கார மாட்டான்.